முருங்கைப்பூவா, ராக்கெட் இலையா, தர்பூசணியா? ஆசையைக் கிளப்பும் என்று பேர் வாங்கிய சாலட் சாமான்கள்

புதுசாகக் கல்யாணமானவன் வேலைக்குக் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறக்கும்போது உள்ளே முருங்கைக்காய் இருந்துவிட்டால், கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு அவனைச் சும்மா விடமாட்டார்கள். ராயபுரமானாலும் வியாசர்பாடியானாலும் இதுதான் நிலைமை. 1983-இல் வந்த ஒரு படம் இந்தக் கிண்டலை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. நம்பிக்கை என்னவோ படத்தைவிடப் பழையது. சித்த வைத்தியத்தில் காமம்பெருக்கி என்று ஒரு வகையே உண்டு. முருங்கையின் பூ, விதை, பிசின் மூன்றும் அதில் வரும்.

இப்போது முருங்கைக்குப் போட்டி வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டின் குளிர்பெட்டியில் ராக்கெட் இலையும் லெட்டூஸும் இருக்கின்றன. வெளியே தள்ளுவண்டியில் மாதுளையும் தர்பூசணியும் நிற்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் எங்கோ ஓர் ஊரில் இந்தப் பேர் உண்டு. கல்யாண நாள் வருகிறது, பிள்ளைகளைத் திருவொற்றியூர் ஆயா வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, ராத்திரிக்கு இரண்டு பேர் மட்டும், வெயிலுக்குச் சமைக்கவும் மனசில்லை, ஒரு பெரிய தட்டு சாலட் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதை வாங்குவது?

வாங்கும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கும் காமம்பெருக்கி எதுவும் வேலை செய்வதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. 1989-இலேயே விதி எழுதிவிட்டது. நம் ஊர்ச் சட்டம் அதைவிடப் பழசு. மருந்து, மந்திர மாயப் பரிகார விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் வருஷத்துச் சட்டம், தாம்பத்ய சக்தியைக் கூட்டித் தருவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. அப்புறம் கும்மிடிப்பூண்டி ரயிலில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கர்கள் எல்லாம் என்ன என்று கேட்காதீர்கள். சாலட் சாமான் மருந்தில்லை, அதனால் சட்டத்துக்குத் தப்பியது. ஆனால் மருந்துக்கே இல்லாத சான்று இலைக்கு எங்கிருந்து வரும்? ஆகவே இந்த ஒப்பீடு எது "வேலை செய்யும்" என்பதற்கானது இல்லை. எதன் பேர் எப்படி வந்தது, உடம்புக்குள் போய் ஏதாவது செய்கிறதா, நம் ஊரில் அன்றைய ராத்திரிக்கு ஒத்துவருமா, இந்த மூன்றுதான் கேள்வி.

சாலட் என்றதும் வெள்ளைக்காரன் சாப்பாடு என்று முகம் சுளிக்க வேண்டாம். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ தின்று வளர்ந்தவர்கள் நாம். அறுபதுகளில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது அது. நூடுல்ஸோடு பச்சை வெங்காயம், கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, எண்ணெய் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். நூடுல்ஸை எடுத்துவிட்டால் மீதி சாலட்தான்.

பழைய நம்பிக்கைகளைப் பார்த்தால் ஐரோப்பாவானாலும் தமிழ்நாடானாலும் கணக்கு ஒன்றுதான்: சூடு, குளிர்ச்சி. சூடு ஆசையைக் கிளப்பும், குளிர்ச்சி அடக்கும். ராக்கெட் இலைக்குப் பேர் வந்ததும் இந்தக் கணக்கில்தான். கடுகுக் குடும்பத்துச் செடி, நாக்கில் சுர்ரென்று ஏறும். சோம்பிக் கிடக்கும் கணவன்மாரை எழுப்புவதற்காகப் பிரியாப்பஸ் என்ற வளமைக் கடவுளின் சிலைக்குப் பக்கத்தில் இதை விதைப்பார்கள் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோம வேளாண் எழுத்தாளர் கொலுமெல்லா எழுதியிருக்கிறார். ரொம்பச் சூடாகிவிடுமே என்று லெட்டூஸையும் கூடச் சேர்த்துத் தின்றார்கள். எண்ணெய்க் குளியலன்று வயிற்றுக்கு மிளகு ரசம், சாயந்திரம் வெயிலுக்கு இளநீர் என்று சமன் பார்க்கும் நமக்கு இது புரியாத விஷயமா என்ன?

சான்று என்று பார்த்தால் ராக்கெட்டுக்கு உருப்படியாக எதுவும் இல்லை. நல்ல கீரை, அவ்வளவுதான். ஒரு கைப்பிடி பாக்கெட்டின் விலையில் சின்ன வெங்காயமும் இரண்டு கட்டுக் கீரையும் வாங்கிவிடலாம். அதுவும் குளிர்பெட்டியில் இரண்டு நாள் இருந்து ஓரம் மஞ்சளான பாக்கெட்டாகத்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் இந்தச் செடியை ராஜஸ்தானில் தாராமீரா என்ற பேரில் எண்ணெய் வித்தாகப் பயிர் செய்கிறார்கள். அந்தக் காரம்தான் வேண்டும் என்றால் வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் முள்ளங்கி வாங்கும்போது இளசான இலையைக் கிள்ளிப் போடாமல் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அதுவும் கடுகுக் குடும்பம்தான், காசும் கிடையாது. நடுவில் இருக்கும் குருத்து இலைதான் பச்சையாகத் தின்ன ஆகும். வெளி இலை சுணை சுணையாகத் தொண்டையில் குத்தும்.

லெட்டூஸின் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய எகிப்தில் மின் என்ற வளமைக் கடவுளுக்குப் படைத்த கீரை அது. தண்டைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும், அந்தப் பாலைப் பார்த்துத்தான் ஆண்மைக்கு நல்லது என்று முடிவு கட்டினார்கள். கடலைத் தாண்டிக் கிரேக்கத்துக்குப் போனால் அதே கீரை ஆசையையே அடக்கிவிடும் என்று பேர். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டால், நம் திருவொற்றியூர்க் கரும்பைத்தான் காட்ட வேண்டும். மன்மதன் கையில் வில்லாக வளைந்திருப்பதும் கரும்பு, எல்லாவற்றையும் துறந்துவிட்டுத் திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதியான பட்டினத்தார் கையில் இருப்பதும் கரும்பு. அந்த ஊரிலேயேதான் சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து சங்கிலியாரைக் கட்டிக்கொண்டார். பொருள் மேல் நாம் ஏற்றிவைப்பதுதான் பாதிக்கு மேல்.

லெட்டூஸுக்கு ஒரு நிஜமான உபயோகம் இருக்கிறது. அது பூண்டோடு சேர்ந்தது.

பூண்டும் வெங்காயமும் இந்தப் பட்டியலின் பெரிய தலைகள். இவற்றுக்குப் பேர் வந்ததில் தின்றவர்களைவிடத் தின்னாதவர்களின் பங்குதான் அதிகம். சவுகார்பேட்டையில் தங்கசாலைத் தெருவில் பல இடங்களில் வெங்காயம், பூண்டு சேர்க்காத சமையல்தான். ஜைனர்களுக்கு அது மத விதி, மண்ணுக்கடியில் விளையும் கிழங்கும் வேரும் ஆகாது. நம் வீடுகளிலும் விரதத்துக்கும் திவசத்துக்கும் வெங்காயம், பூண்டு, முருங்கைக்காய் மூன்றையும் ஒதுக்குகிறவர்கள் உண்டு. புலனை அடக்க வேண்டியவர்கள் தின்னக் கூடாது என்றால், மற்றவர்கள் காதில் அது எப்படி விழும்? இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா?

உடம்புக்கணக்கில், வெங்காயச் சாறு கொடுத்த ஆண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கூடியதாக ஆய்வுகள் இருக்கின்றன. எலிகளுக்கு வாழ்த்து. மனுஷனிடம் அப்படி ஒன்றும் காட்டியதாக நம்பும்படி ஆய்வு இல்லை. ஆனால் மனுஷனிடம் நிச்சயமாக நடப்பது ஒன்று உண்டு: நாற்றம். பூண்டின் கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறது, பல் தேய்த்தாலும் போகாது. பச்சை ஆப்பிள் துண்டு, பச்சை லெட்டூஸ், புதினா இலை மூன்றுக்கும் இந்த நாற்றத்தைக் குறைக்கும் குணம் உண்டு என்று அமெரிக்காவின் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எகிப்தியர் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும், இதற்காக லெட்டூஸ் நாலு இலை போடலாம். புதினா இன்னும் மலிவு. பூண்டு போடுவதென்றால் இரண்டு பேரும் தின்ன வேண்டும், அல்லது இரண்டு பேரும் தொடக் கூடாது. நடுவழி கிடையாது.

சின்ன வெங்காயம் எனக்குப் பிடித்தது, அதனால் அதை விடச் சொல்ல மனம் வரவில்லை. மெல்லிசாக வட்டம் வட்டமாக அரிந்து, எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் உப்பும் போட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் காரம் பாதி இறங்கி இளஞ்சிவப்பாகிவிடும்.

இனி முருங்கை. காயைச் சாலட்டில் போட முடியாது, கீரையைப் பச்சையாக மென்றால் ஆடு மாதிரி இருக்கும். பூதான் ஒரே வழி. கீரை விற்கிற அக்காவிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். எங்கள் பக்கத்து அக்காவிடம் கேட்டால் முதலில் ஒரு பாட்டு விழும்: "பூவெல்லாம் பறிச்சிகினா காய் எங்கேந்துப்பா வரும்?" நியாயம்தான். அதனால் மரத்தடியில் உதிர்ந்ததை அள்ளித் தராமல், கொத்தாக ஒடித்த பூவில் பாதியாவது மொட்டாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தட்டில் கொட்டினால் உள்ளே கறுப்பு எறும்பு ஓடும். மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு அலசினால் எல்லாம் மேலே மிதந்து வந்துவிடும். காம்பைக் கிள்ளிவிட்டு, நல்லெண்ணெயில் இரண்டு நிமிஷம் வதக்கினால் கசப்பு அடங்கி, காளான் வாசனைக்குப் பக்கத்தில் ஒரு வாசனை வரும். ஆறாமலே சாலட் மேல் தூவ வேண்டும். பச்சையாக அப்படியே போடுவதை நான் சொல்லமாட்டேன்.

முருங்கைக்கும் எலி ஆய்வுகள்தான். கீரையில் இரும்பும் கால்சியமும் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ரத்தசோகையோடு சோர்ந்து கிடக்கிறவருக்கு எதிலும் ஆசை வராது. மாசக்கணக்கில் நல்ல சாப்பாடு சாப்பிட்டுத் தெம்பு வந்தால் எல்லாம் திரும்பி வரும். முருங்கைக்குப் பேர் வந்தது அந்த வழியாகவும் இருக்கலாம் என்பது என் யூகம். ஒரு ராத்திரித் தட்டுக்கு அது உதவாது. ஆனால் இந்தத் தட்டைப் பார்த்ததும் உங்கள் வீட்டில் ஒரு சிரிப்பு வரும், பாருங்கள், அது ராக்கெட் இலைக்கு வராது. அந்தச் சிரிப்புக்காகவே முருங்கைப்பூவை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

முதல் இடத்துக்குப் போவதற்குள் இன்னும் இரண்டு பேரைக் கழித்துவிடுகிறேன். முளைகட்டிய வெந்தயம்: ஆஸ்திரேலியாவில் 60 ஆண்களை வைத்து ஆறு வாரம் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வெந்தயச் சாரமும் சில தாதுக்களும் சேர்ந்த மாத்திரையைத் தின்றவர்கள் ஆசை கூடியதாகச் சொன்னார்கள். சாரத்தில் நாளுக்கு 600 மில்லிகிராம், சாலட்டில் ஒரு ஸ்பூன் முளை. இரண்டையும் ஒன்றாக்க முடியாது. அளவு மீறினால் மறுநாள் வேர்வையிலேயே வெந்தய வாசனை அடிக்கும்.

இன்னொன்று சிப்பி. சாலட் இல்லைதான், ஆனால் பச்சைச் சிப்பியில் எலுமிச்சை பிழிந்து இலையோடு தின்னும் மேல்நாட்டுப் பழக்கத்தைப் பார்த்துவிட்டு, எண்ணூர்ப் பக்கம் கிடைக்குமே என்று யாராவது கிளம்பலாம். வேண்டாம். சிப்பி தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, தண்ணீரில் இருக்கும் கிருமியும் கன உலோகமும் அதற்குள் தங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் தொழிற்சாலைக் கழிவுக்கும் சாம்பலுக்கும் குறைவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படர்ந்ததை ஊரே பார்த்தது. சிப்பிக்குப் பேர் வாங்கித் தந்தது துத்தநாகம். உடம்பில் அது குறைவாக இருந்தால்தான் கூடுதலாகத் தின்பதில் லாபம். எள்ளிலும் துத்தநாகம் உண்டு. வறுத்து ஒரு ஸ்பூன் தூவிக்கொள்ளலாம்.

சரி, பழத்துக்கு வருவோம். மாதுளைக்கு எல்லா ஊரிலும் மரியாதை. கிரேக்கர்கள் காதல் தெய்வத்தின் மரம் என்றார்கள். ராயபுரத்தில் ராயப்பர் கோயிலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், பைபிளின் உன்னதப்பாட்டில் காதலியின் கன்னத்துக்கு மாதுளையைச் சொல்லியிருப்பதைக் காட்டுவார்கள். 2007-இல் வந்த ஆய்வொன்றில் விறைப்புக் குறைபாடு உள்ள 53 ஆண்கள் நாலு வாரம் மாதுளைச் சாறும், நாலு வாரம் அதே மாதிரி ருசியுள்ள வெறும் பானமும் குடித்து முடித்தார்கள். மாதுளைப் பக்கம் கொஞ்சம் தேவலை என்பது போலத் தெரிந்தது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை.

தர்பூசணிக்குப் பழைய பேர் பெரிதாக ஒன்றுமில்லை. சொல்லப்போனால் நம் கணக்கில் அது குளிர்ச்சி, ஆசைக்கு எதிர்ப்பக்கம். 2008-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி கிளம்பி, இது வயாகரா மாதிரி என்று உலகம் சுற்றியது. அந்த ஆராய்ச்சியாளர்களே வயாகரா போல ஓர் உறுப்பைக் குறிவைத்து வேலை செய்யாது என்று கூடவே சொல்லியிருந்தார்கள், அது மட்டும் சுற்றவில்லை. விஷயம் இதுதான்: தர்பூசணியில் சிட்ருலின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. உடம்பு அதை அர்ஜினினாக மாற்றும், அர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வரும், அது ரத்தக் குழாயை இளக்கி விரிக்கும். 2011-இல் வந்த இத்தாலிய ஆய்வொன்றில் லேசான விறைப்புக் குறைபாடு உள்ள 24 பேருக்கு நாளுக்கு ஒன்றரை கிராம் சிட்ருலின் ஒரு மாதம் கொடுத்ததில் 12 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. மருந்து சேர்க்காத வெறும் மாத்திரை தின்றபோது 2 பேருக்கு. சின்ன ஆய்வு, ஆனால் வெந்தய மாத்திரையை விட்டால் இந்தப் பட்டியலில் இவ்வளவு தூரம் வந்தது வேறு எதுவும் இல்லை. முதல் இடம் இதற்குத்தான்.

அந்த ஒன்றரை கிராமுக்கு ஒருவர் முக்கால் கிலோ பழம் தின்ன வேண்டும். அதில் சர்க்கரையே 45 கிராம் சுமாருக்கு இருக்கும், ராத்திரியில் பாத்ரூமுக்கு நடப்பது தனி. சர்க்கரை நோயாளிகள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றவர்களும் சிட்ருலின் கணக்குப் பார்க்காமல் ருசிக்குத் தின்றால் போதும். தோலுக்கும் சிவப்புக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதியை வீசாதீர்கள். சிட்ருலின் அதிலும் இருக்கிறது, மெல்லிசாக அரிந்தால் வெள்ளரிக்காய் மாதிரி நறுக்கென்று இருக்கும்.

சூடு ஏற்றும் என்று பேர் வாங்கிய எதற்கும் சான்று கிடைக்கவில்லை. கொஞ்சமாவது சான்று உள்ளது வயிற்றைக் குளிர வைக்கும் பழத்துக்கு. உடம்பு சூடானால் விந்து நீர்த்துப்போகும், இளநீரும் நுங்கும் சாப்பிடு என்று சொல்வதும் இதே ஊர் வைத்தியர்கள்தான். அதனால் பழைய கணக்கு முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன மூன்று மனித ஆய்வுகளும் ஆண்களை வைத்துத்தான். மனைவிக்கு என்ன தின்றால் ஆசை வரும் என்று அவற்றில் யாரும் கேட்கவில்லை. பகல் முழுக்க வேலை பார்த்து, பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவள் கையில் மாதுளையைக் கொடுத்து உரி என்றால் எந்தக் காமம்பெருக்கியும் பலிக்காது. கணவன்மார்கள் உரியுங்கள். முத்து தெறித்துச் சட்டையில் கறை படியும், பரவாயில்லை.

வைகாசி தாண்டித் தர்பூசணி ருசி கெட்டதும் பீட்ரூட்டுக்கு மாறலாம். அதில் உள்ள நைட்ரேட்டை நாக்கில் இருக்கும் பாக்டீரியா மாற்றிக் கொடுக்க, அதுவும் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் உச்சம், அதனால் சீக்கிரமே சாப்பிட்டுவிடுங்கள். கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டுக் கொப்பளித்தால் அந்த பாக்டீரியா செத்து எல்லாம் வீணாகும். மறுநாள் காலை சிலருக்குச் சிறுநீர் சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. ஆசை இருந்தும் உடம்பு ஒத்துழைக்காமல் மாதக்கணக்கில் போனால், சாலட்டையும் ஸ்டிக்கர் வைத்தியரையும் நம்பாமல் ரத்தச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். விறைப்புக் குறைபாடு பல பேருக்கு இதயக் குழாய்ப் பிரச்சினையின் முதல் அறிகுறியாக இருக்கிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவு இருக்கிறது, அங்கே இதைக் கேட்டு யாரும் சிரிக்கமாட்டார்கள்.

என் தட்டு இப்படி. முழுப் பழமாக வாங்கிய தர்பூசணியில் கால் பாகம், வெள்ளையோடு சேர்த்து அரிந்தது. வெட்டி ஐஸில் வைத்த துண்டு வேண்டாம். ஒரு மாதுளை. ஊறவைத்த சின்ன வெங்காயம் ஐந்தாறு. முள்ளங்கிக் குருத்து கொஞ்சம், புதினா ஒரு கைப்பிடி, உப்புத் தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றியது. மேலே ஊற்ற அத்தோக்காரர் வழி: கெட்டிப் புளித்தண்ணீர் ஒரு ஸ்பூன், நல்லெண்ணெய், வறுத்த எள், மிளகாய்த்தூள் சிட்டிகை. பூ கிடைத்தால் கடைசியில் சூடாக ஒரு பிடி முருங்கைப்பூ. உப்பைப் பரிமாறும்போதுதான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் பழம் தண்ணீர் விட்டுச் சதசதவென்று ஆகிவிடும். கூடவே பிரியாணி சொல்லிவிடாதீர்கள். பிரியாணி தின்றால் தூக்கம்தான் வரும், அதற்கு ஆய்வு தேவையில்லை.